மொசார்ட் வியந்த இசைக்கலைஞர்... முகமும் போச்சு, பெயரும் போச்சு! 'இல் போயேமோ' படம் சொல்லும் நிஜக் கதை என்ன?

ரோம் நகரம், 1781ஆம் ஆண்டு. முகமூடி போட்ட ஒரு மனிதர். நோய் அவருடைய முகத்தைத் தின்றுவிட்டது. கையில் காசு இல்லை. பக்கத்தில் சொந்தபந்தம் என்று யாரும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்புவரை இத்தாலியின் பெரிய ஓபரா அரங்குகள் தேடித்தேடி இசை எழுதச் சொன்ன ஆள் இவர்தான். பெயர் யோசெஃப் மிஸ்லிவெச்செக். செக் நாட்டின் பிராக் நகரில் பிறந்தவர்.

பெயரைக் கேட்டதே இல்லையா? கவலை வேண்டாம். ஐரோப்பாவிலேயே பலர் கேட்டதில்லை. ஆனால் மொசார்ட் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த மொசார்ட் சின்னப் பையனாக இருந்தபோது வியந்து பார்த்தவர்களில் ஒருவர் இந்த மிஸ்லிவெச்செக்.

இவருடைய வாழ்க்கையைத்தான் 'இல் போயேமோ' என்ற படம் சொல்கிறது. இவ்வளவு புகழோடு இருந்த ஒருவரை உலகம் எப்படி இவ்வளவு சுலபமாக மறந்தது? படத்தில் எது நிஜம், எது கற்பனை? பார்க்கலாம்.

படத்தைப் பற்றி சுருக்கமாக...

'இல் போயேமோ' 2022ஆம் ஆண்டு ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. இயக்கம் பெட்ர் வாட்ஸ்லாவ். மிஸ்லிவெச்செக்காக நடித்திருப்பவர் வொய்த்யெஹ் டிக். செக் நாட்டில் பாடகராகவும் பிரபலமானவர்.

கதை பெரும்பாலும் இத்தாலியில் நடப்பதால் வசனங்களும் பெரும்பாலும் இத்தாலிய மொழியிலேயே இருக்கின்றன. இசையை வாசித்திருப்பது 'கொலேஜியம் 1704' என்ற பிராக் இசைக்குழு. நடத்தியவர் வாட்ஸ்லாவ் லுக்ஸ். பழைய கால இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்பதில் பெயர் பெற்ற குழு இது.

ஆஸ்கருக்கு செக் நாட்டின் சார்பில் அனுப்பப்பட்ட படம் இது. இறுதிப் பட்டியலுக்கு வரவில்லை. ஆனால் சொந்த நாட்டில் சிறந்த படத்துக்கான செக் லயன் விருதை வென்றது.

'இல் போயேமோ' என்றால் இத்தாலிய மொழியில் 'பொஹீமியாக்காரர்' என்று அர்த்தம். இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதிக்கு அப்போது பொஹீமியா என்று பெயர். 'மிஸ்லிவெச்செக்' என்பது இத்தாலியர்கள் நாக்கில் எளிதில் நிற்கிற பெயரா என்ன? அதனால் ஊரை வைத்தே ஆளைக் கூப்பிட்டார்கள்.

மாவு ஆலையை விட்டு ஓடிய மகன்

மிஸ்லிவெச்செக் பிறந்தது 1737 மார்ச் 9. அப்பா வசதியான மாவு ஆலை முதலாளி. யோசெஃப்புக்கு யாஹிம் என்று ஒரு இரட்டைச் சகோதரர் உண்டு. இருவரும் குடும்பத் தொழிலைக் கற்றார்கள். யோசெஃப் 1761இல் முறைப்படி தேர்ச்சி பெற்ற ஆலைத் தொழிலாளியாகவே ஆகிவிட்டார். அதாவது சாப்பாட்டுக்கு வழி இருந்தது, சொத்து இருந்தது, நிலையான வாழ்க்கை காத்திருந்தது.

ஆனால் மனசு அங்கே இல்லை. பிராக்கின் பெயர்பெற்ற ஆர்கன் கலைஞர் யோசெஃப் செகரிடம் இசை படித்தார். பிறகு ஆலையைச் சகோதரரிடம் விட்டுவிட்டு, 1763இல் வெனிஸுக்குக் கிளம்பினார். அங்கே ஜொவான்னி பெஸ்செட்டி என்பவரிடம் ஓபரா எழுதக் கற்றார். அப்போது அவருக்கு வயது 26.

ஏன் இத்தாலி? அன்றைக்கு ஓபரா என்றாலே இத்தாலிதான். வியன்னா, லண்டன், மாட்ரிட் என எந்த ஊரிலும் இத்தாலிய ஓபராவுக்குத்தான் மவுசு. பொஹீமியாவில் நல்ல இசைக்கலைஞர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் அது ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஒரு பகுதி. பெரிய அரசவையும் பெரிய பணமும் இருந்தது வியன்னாவில். அதனால் திறமை உள்ளவர்கள் ஊரை விட்டுப் போவது அங்கே சாதாரணம்.

'ஓபரா சீரியா' என்றால் என்ன?

படம் புரிய வேண்டுமென்றால் இது தெரிந்தாக வேண்டும்.

ஓபரா என்பது பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம். அதில் 'ஓபரா சீரியா' என்பது ராஜா, ராணி, வீரர்கள், தியாகம், துரோகம் என்று கனமான கதைகளைச் சொல்லும் வகை. 18ஆம் நூற்றாண்டில் அரசவைகளின் செல்லப்பிள்ளை.

இதன் உயிர்நாடி 'ஆரியா' எனப்படும் தனிப்பாட்டு. பெரும்பாலும் மூன்று பகுதி. முதல் பகுதியைப் பாடி, இரண்டாவது பகுதிக்குப் போய், மறுபடி முதல் பகுதிக்குத் திரும்புவார்கள். திரும்பி வரும்போது அப்படியே பாடினால் மதிப்பில்லை. பாடகர் தன் சொந்தச் சரக்கை இறக்கி, சுழற்றிச் சுழற்றிப் பாட வேண்டும். கைதட்டல் அதற்குத்தான்.

கதாநாயகன் வேடத்தைப் பெரும்பாலும் பாடியவர்கள் 'காஸ்த்ராத்தோ' எனப்பட்ட ஆண்கள். குரல் உடையும் வயதுக்கு முன்பே விரை நீக்க அறுவை செய்யப்பட்ட சிறுவர்கள் வளர்ந்து, பெண் குரலின் உயரத்தில், ஆண் நுரையீரலின் பலத்தோடு பாடினார்கள். கேட்கவே பதறுகிற வழக்கம். ஆனால் அன்றைய சூப்பர் ஸ்டார்கள் அவர்கள்தான்.

அரங்கமும் இன்று மாதிரி அமைதியாக இருக்காது. விளக்கு அணைப்பதில்லை. பிரபுக்கள் சீசன் முழுக்கத் தனி மாடங்களை எடுத்து வைத்திருப்பார்கள். அங்கேயே சாப்பாடு, அரட்டை, சீட்டாட்டம். பிடித்த பாடகர் பிடித்த பாட்டைத் தொடங்கினால் மட்டும் மேடை பக்கம் தலை திரும்பும். இந்தச் சத்தத்துக்கு நடுவே காதைத் தன் பக்கம் இழுப்பதுதான் இசையமைப்பாளரின் சவால்.

நேப்பிள்ஸில் அடித்த அதிர்ஷ்டம்

மிஸ்லிவெச்செக்கின் வாழ்க்கையை மாற்றிய நாள் 1767 ஜனவரி 20. நேப்பிள்ஸ் நகரின் சான் கார்லோ அரங்கில் அவருடைய 'இல் பெல்லெரொஃபோன்தே' அரங்கேறியது. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸின் பிறந்தநாள் அன்று. அவருடைய மகன் ஃபெர்டினாண்ட்தான் அப்போது நேப்பிள்ஸ் மன்னர். சான் கார்லோ திறக்கப்பட்டதும் 1737இல்தான். மிஸ்லிவெச்செக்குக்கும் அந்த அரங்குக்கும் ஒரே வயது.

மேடையில் பாடியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெண் குரலில் காதரீனா காப்ரியெல்லி. அப்பா ஒரு பிரபு வீட்டுச் சமையல்காரர் என்பதால் 'சமையல்காரர் மகள்' என்ற பட்டப்பெயரோடு ஐரோப்பாவையே ஆட்டி வைத்தவர். ஆண் குரலில் அன்டோன் ராஃப் என்ற ஜெர்மன் பாடகர். இந்த ராஃப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவார்.

ஓபரா பெரிய ஹிட். அதன்பிறகு டுரின், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், மிலன், போலோன்யா என்று அழைப்புகள் குவிந்தன. 15 வருடங்களுக்குள் கிட்டத்தட்ட 26 ஓபரா சீரியா. சராசரியாக வருடத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றும் சில மணி நேரம் ஓடும் படைப்பு.

இவ்வளவு எழுதியும் ஏன் ஏழை?

படத்தின் மையமான கேள்வி இதுதான். பதில் அன்றைய தொழில் நடந்த விதத்தில் இருக்கிறது.

ஒன்று, சம்பளம். ஓபரா செலவில் பெரும்பங்கு நட்சத்திரப் பாடகர்களுக்குப் போகும். இசையமைப்பாளருக்குக் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு குறைவு.

இரண்டு, உரிமை. காப்புரிமை என்ற ஒன்று அன்றைய இத்தாலிய இசையமைப்பாளருக்குக் கிடையாது. ஒரு முறை பணம் வாங்கி எழுதிக் கொடுத்தால் கதை முடிந்தது. பிரதி எடுப்பவர்கள் அதை எழுதி எழுதி விற்கலாம். இன்னொரு ஊரில் இன்னொரு பாடகர் அந்தப் பாட்டைத் தூக்கி வேறு ஓபராவில் செருகலாம். எழுதியவருக்கு ஒரு காசு வராது.

மூன்று, கதைப் புத்தகம். மெத்தஸ்தாஸியோ என்ற கவிஞர் எழுதிய அதே கதையைப் பத்துப் பேர், இருபது பேர், அதற்கும் மேலே இசையமைப்பார்கள். அவருடைய 'ஒலிம்பியாதே' கதைக்கு மட்டும் 50க்கும் மேற்பட்டவர்கள் இசையமைத்திருக்கிறார்கள். அதில் மிஸ்லிவெச்செக்கும் ஒருவர். அவர் செய்தது 1778இல், அதே நேப்பிள்ஸில். மக்களுக்கு வேண்டியது இந்த வருடத்துப் புது இசை. போன வருடத்து இசை அலமாரிக்குப் போய்விடும்.

நான்கு, நிரந்தர வேலை. பெரும்பாலான இசைக்கலைஞர்கள் ஏதாவது ஒரு தேவாலயத்திலோ அரசவையிலோ மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். மிஸ்லிவெச்செக்குக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு வாய்ப்பு முடிந்ததும் அடுத்த ஊர், அடுத்த வாய்ப்பு. இன்றைய பாஷையில் ஃப்ரீலான்ஸர். ஒரு சீசன் தோற்றாலோ, உடம்பு படுத்தாலோ தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது.

புகழ் இருந்தது, ஆனால் சேமிப்பு இல்லை. கையில் வந்ததைச் செலவழித்து, கடன் வாங்கி ஓடியது வாழ்க்கை.

மொசார்ட் எங்கே வருகிறார்?

1770, போலோன்யா. 14 வயது மொசார்ட்டை அழைத்துக்கொண்டு அவருடைய அப்பா லியோபோல்ட் இத்தாலியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே 33 வயது மிஸ்லிவெச்செக்கைச் சந்தித்தார்கள். நல்ல பழக்கம் ஏற்பட்டது.

போலோன்யாவின் பெரிய இசை அறிஞர் பாத்ரே மார்ட்டீனியுடன் இருவருக்குமே தொடர்பு இருந்தது. அங்குள்ள புகழ்பெற்ற இசைக் கழகத்தில் மொசார்ட் 1770இல் உறுப்பினரானார். மிஸ்லிவெச்செக் 1771இல்.

அந்த வருடம் போலோன்யாவுக்காக மிஸ்லிவெச்செக் எழுதிய ஓபரா 'லா நித்தெத்தி'. அதே வருடக் கடைசியில் மிலனில் மொசார்ட்டின் முதல் ஓபரா சீரியா 'மித்ரிதாதே' அரங்கேறியது. மூத்தவரின் ஓபராவில் வரும் இசைத் துணுக்குகளின் சாயல் சிறுவனின் ஓபராவிலும் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

படத்தில் சிறுவன் மொசார்ட் வரும் காட்சி சின்னதுதான். ஆனால் பார்ப்பவர்கள் மறக்காத காட்சி. மிஸ்லிவெச்செக்கின் இசையை எடுத்து அந்தப் பையன் தன் போக்கில் வாசிக்கிறான். எழுதியவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெருமையா, பயமா என்று பார்க்கிற நமக்கே பிடிபடாது.

மியூனிக் மருத்துவமனையில் ஒரு சந்திப்பு

1777 அக்டோபர். மொசார்ட்டுக்கு 21 வயது. மியூனிக் நகரத்துக்கு வந்திருக்கிறார். அங்கே ஒரு மருத்துவமனையில் மிஸ்லிவெச்செக் கிடக்கிறார் என்று தெரிகிறது. பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று தயக்கம். கடைசியில் போகிறார்.

அன்று பார்த்ததை அக்டோபர் 11 தேதியிட்ட கடிதத்தில் அப்பாவுக்கு எழுதினார். மிஸ்லிவெச்செக்கின் மூக்கை மருத்துவர்கள் சுட்டு எரித்துவிட்டிருந்தார்கள். சிகிச்சை என்ற பெயரில் நடந்த கொடுமை. அதைப் பார்த்தபிறகு மொசார்ட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சரியாகத் தூக்கமும் வரவில்லை. ஆனால் முகத்தைத் தவிர அந்த மனிதரின் துடிப்பும் உயிர்ப்பும் அப்படியே இருந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

என்ன நோய்? வண்டி கவிழ்ந்த விபத்தால் எலும்பில் வந்த புற்றுநோய் என்று மிஸ்லிவெச்செக் சொல்லியிருக்கிறார். ஆனால் அது சிஃபிலிஸ் எனப்படும் பால்வினை நோய் என்பதே பரவலான கருத்து. அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்தாகக் கொடுத்தது பாதரசம். நோயோடு சேர்ந்து மருந்தும் ஆளைக் கொல்லும். இதைக் குணப்படுத்தும் பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல்தான்.

லியோபோல்டுக்கு அனுதாபம் குறைவு. தப்பான வாழ்க்கைக்குக் கிடைத்த தண்டனை என்பது அவருடைய எண்ணம்.

மகனுக்கு சான் கார்லோ அரங்கில் ஓபரா வாய்ப்பு வாங்கித் தருவதாக மிஸ்லிவெச்செக் சொல்லியிருந்தார். அது நடக்கவே இல்லை. தனக்குக் காரியம் ஆக வேண்டிய நேரத்தில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கிறார் என்று லியோபோல்ட் எரிச்சலானார். 1778இல் உறவு விட்டுப்போனது.

கடைசி நாட்கள்

மூக்கில்லாமலும் மிஸ்லிவெச்செக் இத்தாலிக்குத் திரும்பினார், எழுதினார். ஆனால் காற்று திசை மாறிவிட்டது. 1779 டிசம்பரில் மிலனின் லா ஸ்காலா அரங்கில் வந்த 'அர்மீதா' தோற்றது. 1780இல் ரோமில் செய்த ஓபராக்களும் கைகொடுக்கவில்லை.

1781 பிப்ரவரி 4. ரோமில் இறந்தார். வயது 43. அடக்கச் செலவை ஏற்றது அவரிடம் இசை படித்த ஓர் ஆங்கிலேயர். உடல் சான் லொரென்ஸோ இன் லுச்சினா தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

எது நிஜம், எது சினிமா?

பிறப்பு, ஊர்கள், ஓபராக்கள், மொசார்ட் சந்திப்பு, நோய், மரணம் எல்லாம் ஆவணங்களில் இருப்பவை.

காதல் விவகாரங்கள்? படத்தில் பெண்களுக்குப் பெரிய இடம் உண்டு. பாடகி காப்ரியெல்லியாக பார்பரா ரோன்கி நடித்திருக்கிறார். ஆனால் மிஸ்லிவெச்செக் டைரி எழுதி வைக்கவில்லை. கிடைத்திருக்கும் கடிதங்களும் கொஞ்சம்தான். அதனால் படுக்கையறைக் காட்சிகளை இயக்குநரின் கற்பனையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதேசமயம் அந்தப் பெண்களின் நிலைமை கற்பனை இல்லை. விருப்பமில்லாத கல்யாணம், கணவனின் கொடுமை, கன்னிமாடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல் எல்லாம் அன்றைய பணக்கார வீடுகளில் நடந்தவைதான்.

நேப்பிள்ஸ் மன்னர் எல்லோர் முன்னாலும் மலம் கழிக்கும் காட்சி? 'சும்மா அதிர்ச்சிக்காக வைத்தது' என்று தோன்றும். ஆனால் மன்னர் ஃபெர்டினாண்டின் நாகரிகம் ஐரோப்பா முழுக்கப் பிரசித்தம். 1769இல் நேப்பிள்ஸுக்குப் போன அவருடைய மைத்துனர், பேரரசர் இரண்டாம் ஜோசப், இப்படி ஒரு அனுபவத்தைத் தன் குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறார்.

'இல் திவீனோ போயேமோ', அதாவது 'தெய்வீகப் பொஹீமியாக்காரர்' என்று அவருக்கு ஒரு பட்டம் உண்டு. அந்தக் காலத்து இத்தாலியர்கள் கொடுத்த பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைப் பரப்பியது செக் எழுத்தாளர் யாகுப் ஆர்பெஸ் 1884இல் எழுதிய கதையின் தலைப்பு. படத்தின் பெயரில் 'தெய்வீக' என்ற சொல் இல்லை. வெறும் பொஹீமியாக்காரர் மட்டும்தான்.

'அமேடியஸ்' மாதிரி படமா?

இசைக்கலைஞர் படம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது மிலோஷ் ஃபோர்மன் எடுத்த 'அமேடியஸ்'. 1984இல் வந்து 8 ஆஸ்கர் வாங்கிய படம். ஃபோர்மனும் செக்காரர். படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டதும் பிராக்கில்தான்.

ஆனால் இரண்டும் வேறு ரகம். 'அமேடியஸ்' மேதைக்கும் பொறாமைக்கும் நடக்கும் சண்டை. 'இல் போயேமோ'வில் வில்லன் என்று ஒருவர் இல்லை. அடுத்த வாய்ப்புக்காகப் பிரபுக்கள் வீட்டு வாசலில் காத்திருப்பது, பாடகியின் மனசு கோணாமல் பாட்டை மாற்றி எழுதுவது, வண்டியில் ஊர் ஊராகப் போவது என்று ஒரு தொழிலாளியின் நாட்கள்தான் கதை. நிதானமாகப் போகும். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். வேகமான படம் வேண்டும் என்பவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை தேவை.

அப்படியானால் ஏன் மறந்துபோனார்?

திறமை குறைவு என்பதால் இல்லை. அவர் எழுதிய ஓபரா சீரியா என்ற வகையே அவருக்குப் பிறகு கொஞ்ச காலத்தில் வழக்கொழிந்தது. நகைச்சுவை ஓபரா மேலே வந்தது. காஸ்த்ராத்தோக்களின் காலமும் முடிந்தது. அந்த இசையைப் பாடவே ஆள் இல்லாமல் போனது. பிரதிகள் நூலகங்களில் தூங்கின.

இருந்த கொஞ்சமும் அடுத்தவர் பெயருக்குப் போனது. மியூனிக்கில் 1777இல் பேசப்பட்ட அவருடைய 'அப்ரமோ எத் இசாக்கோ' என்ற ஒரடோரியோவை மொசார்ட்டுடையது, ஹைடனுடையது என்றெல்லாம் பிற்காலத்தில் நினைத்தார்கள். இன்றும் இசை மாணவர்கள் பாடும் 'ரிதேந்தே லா கால்மா' என்ற பாட்டு மொசார்ட்டின் படைப்புப் பட்டியலில் 152ஆம் எண்ணில் இருக்கிறது. அது உண்மையில் மிஸ்லிவெச்செக்கின் தோற்றுப்போன 'அர்மீதா'வில் இருந்து எடுத்து மாற்றி அமைத்த பாட்டு.

இப்போது அந்த அன்டோன் ராஃப் விஷயத்துக்கு வருவோம். 1781 ஜனவரி 29 அன்று மியூனிக்கில் மொசார்ட்டின் 'இதோமெனேயோ' அரங்கேறியது. அவரைப் பெரிய ஓபரா இசையமைப்பாளராக நிலைநிறுத்திய படைப்பு. அதில் மன்னர் இதோமெனேயோவாக மேடையேறியவர், 14 வருடங்களுக்கு முன்பு நேப்பிள்ஸில் மிஸ்லிவெச்செக்கின் முதல் வெற்றியில் பாடிய அதே ராஃப். அப்போது அவருக்கு 66 வயது.

அந்த அரங்கேற்றம் நடந்து ஆறாவது நாள், ரோமில் மிஸ்லிவெச்செக் இறந்துபோனார்.

படம் பார்க்க வாய்ப்பு இல்லாதவர்கள் முதலில் 'ரிதேந்தே லா கால்மா'வைத் தேடிக் கேட்கலாம். நாலைந்து நிமிடப் பாட்டுதான். பெயர் மொசார்ட் என்றுதான் வரும். மெட்டு யாருடையது என்று இப்போது தெரியும்.